கோல்மன் ஒட்டிய மெட்டு

கச்சேரிக்கு ஆறு நாள் இருக்கும்போது கோல்மன் டார்ப்பி என் வீட்டுப் பின்வாசல் வழியாக வந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றான்.

"நோரீன், ஒரு உதவி செய்யணும். அந்த மெட்டை மட்டும் வாசிக்க வேண்டாம்னு அவங்ககிட்ட சொல்லிடு."

"எந்த மெட்டை?"

"உனக்குத் தெரியும்."

தெரியும்தான். ராத்மோய்ல் இசைக்குழு எந்த நாட்டுக்குப் போனாலும் ஜனங்கள் கடைசியில் கத்திக் கேட்பது அந்த ஒன்றைத்தான். டிராக்டர்க்காரன் மெட்டு. அது எங்கள் ஊர் கில்லாரனில் கிடைத்த மெட்டு என்று இசைத்தட்டின் அட்டையிலேயே போட்டிருக்கிறது. நான் ஊர் மன்றத்தின் செயலாளர். மன்றத்துக் கூரை ஒழுகி, பூப்பந்து ஆடுகிறவர்கள் வாளிகளைச் சுற்றி ஓடி ஆடிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூரைக்காக ராத்மோய்லுக்குப் பதினோரு கடிதம் எழுதி, அவர்களுடைய கடைசிக் கச்சேரிச் சுற்றுப்பயணத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தை எங்களுக்கு வாங்கியிருந்தேன்.

"பாதிப் பேர் அதுக்காகத்தான் டிக்கெட் வாங்கியிருக்காங்க. அதை வாசிக்கலைன்னா கூரைக்குப் பதிலா உன்னைத்தான் மேல போட்டு மூடணும்," என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். முகம் வெளுத்திருந்தது. எனக்கு முதலில் வந்த எண்ணம், இவனுக்கு ஏதோ நோய் என்பதுதான்.

கோல்மன் எங்கள் பக்கத்துப் பால் லாரி ஓட்டுநர். பள்ளியில் எனக்கு முன் பெஞ்சில் உட்கார்ந்தவன், அதனால் எழுதும்போதும் அவன் இவன் என்றுதான் வருகிறது. ஊரில் நல்லவன் என்று பெயர். பொய் சொல்லத் தெரியாதவன் என்று இன்னொரு பெயர். இருபத்து நாலு வயதிலிருந்து ராத்மோய்ல் பைத்தியம். நாட்டின் வடக்கே டெரியிலிருந்து தெற்கே கார்க் வரைக்கும் நாற்பத்தொரு கச்சேரி கேட்டிருக்கிறான். டிக்கெட் துண்டுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு லாரி இருக்கைக்குக் கீழே வைத்திருக்கிறான், கேசட்டுகளும் அங்கேதான். வீட்டில் வைக்க முடியாது. எந்தக் கச்சேரியிலும் கடைசி வரிசையைத் தாண்டி முன்னால் போனதில்லை. குழுவின் பிடில்காரர் டோனல் ட்வோமியிடம் ஒரு முறைகூடப் போய்ப் பேசியதில்லை. கூச்சம் என்று நாங்கள் நினைத்தோம்.

அன்றைக்குத்தான் என் சமையலறையில் விஷயம் வெளியே வந்தது.

எண்பத்தொன்பதாம் வருடம் மார்ச் மாதம், ட்வோமி குழுவின் வேன் எங்கள் சதுப்புச் சாலைப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. அப்போது அவர்களை யாருக்கும் தெரியாது. கோல்மன் மதுக்கடைக்கார ஜார்லத் ஃபினெர்ட்டியிடம் டிராக்டரை இரவல் வாங்கிவந்து வேனை இழுத்துவிட்டான். மழை கொட்டியது. வேனுக்குள் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார்கள். ட்வோமி ஒரு சிறிய டேப் ரெக்கார்டரை அழுத்திவிட்டு, "உங்க ஊர் மெட்டு ஏதாவது தெரியுமா?" என்று கேட்டார்.

கோல்மனுக்கு வாத்தியம் எதுவும் வராது. வாயாலேயே டிடில்-டி-டம் என்று மெட்டுப் போடுவான், அவ்வளவுதான். அந்த மாதம் அவன் மனசெல்லாம் ஒரே மெட்டு. அட்ராக்டா கனேன் என்ற பெண்ணைப் பார்க்கப் போகிற சாக்கில் அவள் அப்பா லூக் கனேன் வாசித்து இரண்டு முறை கேட்டது. லூக் எங்கள் பக்கத்தில் பெரிய பிடில்காரர். அட்ராக்டா பிறந்த அன்று அவரே கட்டிய மெட்டு அது. முதல் பாதி ஆஸ்பத்திரிக்கு நடந்து போகும்போது வந்ததாம். இரண்டாம் பாதி பிள்ளையைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பும்போது வந்ததாம்.

கோல்மன் முதல் பாதியை அட்சரம் பிசகாமல் போட்டான். இரண்டாம் பாதி மறந்துபோய்விட்டது. டேப் ஓடுகிறது, நாலு பேர் வாயையே பார்க்கிறார்கள். நிறுத்தினால் மானம் போகும் என்று, வாயில் வந்த வேறொரு மெட்டின் பின்பாதியைக் கொண்டுவந்து ஒட்டிவிட்டான். அது என்ன மெட்டு தெரியுமா? பள்ளிக்கூடத்தில் ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு ஊதுகுழலில் முதல் வாரம் சொல்லித்தருவது.

அதுகூடப் பெரிய குற்றமில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு மெட்டை வாசிப்பதற்கு முன்னால் அது யாரிடமிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். சொல்லாதவனை, மதுக்கடையில் கூடி வாசிக்கிறவர்கள் அடுத்த முறை தங்கள் மேசைக்குக் கூப்பிட மாட்டார்கள். ட்வோமியும் முறையாகக் கேட்டார்: "இது யார்கிட்ட கேட்டது?" கிழவரிடம் கேட்காமல் அவர் மெட்டைக் கொடுத்தது தெரிந்தால் பெண் கிடைக்காதே என்று கோல்மனுக்குப் பயம். "யாரும் குறிப்பா இல்லைங்க. இங்க சும்மா சுத்திக்கிட்டு இருக்கிறது," என்று சொல்லிவிட்டான். தன் பெயரையும் சொல்லாமல் இறங்கி ஓடிவந்துவிட்டான்.

மறுவருடம் இசைத்தட்டு வந்தது. அந்த மெட்டு அமெரிக்கா, ஜப்பான் எல்லாம் போயிற்று. அட்டையில், எங்கள் வேனை இழுத்துவிட்ட கில்லாரன் மனிதரிடம் கேட்டது என்று இருந்தது. வானொலியில் அதைக் கேட்ட லூக் கனேன் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "என் குதிரைக்கு எவனோ கழுதை வால் ஒட்டிட்டான்," என்றார். எதிரே உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தவன், ஆறு மாதத்தில் அவருக்கு மருமகனாகப் போகிற கோல்மன்.

டிராக்டர் ஃபினெர்ட்டியுடையது என்பதால், ஊர் ஃபினெர்ட்டிதான் என்று முடிவுகட்டியது. அவரும் மறுக்கவில்லை. இசைத்தட்டு அட்டையைக் கண்ணாடி போட்டுக் கடையில் மாட்டிவிட்டார். அட்ராக்டா அவரைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவாள். கல்யாணம் ஆனபோது அவள் கணவனிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "எங்கப்பா மெட்டை நாசம் பண்ணவங்க பாட்டு இந்த வீட்டுக்குள்ள வரக் கூடாது."

லூக் கல்யாணத்துக்குப் பிறகு பதினோரு வருடம் இருந்தார். அந்தப் பதினோரு வருடமும் ஒரு விசித்திரம் நடந்தது. கோல்மன் வீட்டுக்குள் நுழைந்தால் கிழவர் பிடிலை எடுத்து அந்த மெட்டின் முதல் பாதியை வாசிப்பார். பாதியில் வில்லைத் தூக்கி நிறுத்திவிடுவார். மாப்பிள்ளைக்கு மீதியைக் காட்டாத கஞ்சக் கிழவர் என்று நாங்கள் கேலி செய்வோம். பிறகு ஒரு குளிர்காலத்தில் இறந்துபோனார்.

"இப்ப என்ன பயம் உனக்கு? முப்பத்து நாலு வருஷம் ஆச்சு," என்றேன்.

"ட்வோமி ஒவ்வொரு கச்சேரியிலயும் அந்த மனுஷனைப் பத்திச் சொல்லிட்டுத்தான் அதை வாசிப்பார். இங்க வந்தா, அவர் இருக்காரான்னு கண்டிப்பா கேப்பார். முகத்தைப் பார்த்தா அடையாளம் தெரிஞ்சிடும். பக்கத்துல அட்ராக்டா இருப்பா."

"அவ எதுக்கு வரா?"

"நீதானே சான்ட்விச் பொறுப்பை அவ தலையில கட்டின? கூரைக்காக வரேன்னு சொல்லிட்டா."

எனக்குக் கோபம் வந்தது. கோழைத்தனத்தை நான் பொறுத்துக்கொள்கிறவள் இல்லை. "ஞாயிற்றுக்கிழமைக்குள்ள நீயே அவகிட்ட சொல்லிடு. அடுத்தவன் வாயால கேட்டா தாங்க மாட்டா," என்றேன்.

"சொன்னா என்கூட இருப்பாளா, நோரீன்?"

அப்பா என்றால் அட்ராக்டாவுக்கு உயிர்.

அந்த வாரம் அவன் பட்ட பாட்டை ஊரே பார்த்தது, காரணம் தெரியாமல். செவ்வாய்க்கிழமை ஒரு பண்ணையின் பாலை எடுக்காமலே தாண்டிப் போய்விட்டான். வியாழக்கிழமை தபால் நிலைய வாசலில் பிடித்தேன்.

"சொன்னியா?"

"சொல்லப் போனேன். அவ ரொட்டி வெட்டிக்கிட்டு இருந்தா."

"அதனால?"

"கையில கத்தி இருந்துச்சு."

சனிக்கிழமை எனக்கு ஃபோன் செய்து, குழுவில் யாருக்காவது உடம்பு சரியில்லையா, வராமல் இருக்க வாய்ப்பு உண்டா என்று கேட்டான். நாற்பத்தொரு கச்சேரி கேட்டவன் கேட்கிற கேள்வியா இது?

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மன்றம் நிரம்பி வழிந்தது. சுவரோரமாகவும் நின்றார்கள். கோல்மன் வழக்கம்போல் கடைசி வரிசை, கதவுக்குப் பக்கத்தில். அவனுக்கு வலது பக்கம் அட்ராக்டா, இடது பக்கம் நான். அவள் கைப்பையை மடியில் நிமிர்த்தி வைத்து, பல் பிடுங்க வந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். முன் வரிசை நடுவில் ஃபினெர்ட்டி, புது கோட்டு, புதுசாக முடி வெட்டிய தலை.

கச்சேரி எப்படி என்று கேட்டால், பாதி நன்றாக இருந்தது. பழைய பாடகர் இறந்துவிட்டார், அவர் இடத்தில் ஒரு சின்னப் பெண், அவள் தேவலை. டிரம் வேண்டவே வேண்டாம். ஆளுயர ஸ்பீக்கர்களை எங்கள் பூப்பந்துக் கூடத்துக்குள் வைத்து அடித்தால் ஜன்னல் கண்ணாடி எல்லாம் கூடவே வாசிக்கிறது. ட்வோமிக்கு விரல் வீங்கிப்போயிருந்தது, வேகமான மெட்டுகளில் திணறினார். ஆனால் ஒரு மெதுவான மெட்டை மற்றவர்களை நிறுத்திவிட்டுத் தனியாக வாசித்தார். அப்போது கோல்மன் ஐந்து நிமிடம் தன் பயத்தை மறந்திருந்தான். முகம் அப்படியே இருபத்து நாலு வயதுக்குப் போய்விட்டது. முடிந்ததும் பயம் திரும்பி வந்தது. ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் கதவைத் திரும்பிப் பார்த்தான்.

இடைவேளைக்கு முன்னால் ட்வோமி மைக்குக்கு வந்தார்.

"நாங்க முப்பத்து நாலு வருஷமா ஒரு மனுஷனுக்கு நன்றி சொல்லிக்கிட்டு இருக்கோம். அவர் பேர்கூட எங்களுக்குத் தெரியாது. அவர் இந்த ஊர்க்காரர். இங்க இருந்தா தயவுசெய்து எழுந்திருங்க."

கோல்மன் தலையைக் குனிந்துகொண்டான். அட்ராக்டா நேராக மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் நாலைந்து பேர், "போங்க ஜார்லத், கூச்சப்படாதீங்க," என்று ஃபினெர்ட்டியைத் தள்ளினார்கள். அவர் கூச்சப்படுகிற ஆளில்லை. மேடையேறினார். ட்வோமி அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். முகம் ஞாபகமில்லை போலும், பாவம். கைதட்டல் ஓயவில்லை.

கோல்மனைப் பார்த்தேன். கண்டத்திலிருந்து தப்பித்த முகம். இனி எவனும் கேட்கப்போவதில்லை. அவனுக்கு வர வேண்டிய நன்றியை ஃபினெர்ட்டி வாங்கிக்கொண்டு போகிறார், அதோடு பாவத்தையும். உதடு லேசாகக் கோணியது. நாற்பத்தொரு கச்சேரியிலும் அவன் ஏங்கியது அந்த அணைப்புக்குத்தான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

ஃபினெர்ட்டி அதோடு இறங்கியிருக்கலாம். மைக் கையில் கிடைத்துவிட்டதே.

"இந்த மெட்டு யார்கிட்டயிருந்து வந்ததுன்னு அன்னைக்கு நான் சொல்லலை. இன்னைக்குச் சொல்றேன். எங்கம்மா பசு கறக்கும்போது முணுமுணுத்தது. அவங்க கட்டினதுதான்."

நாற்காலி உரசும் சத்தம் கேட்டது. கோல்மன் எழுந்து நின்றிருந்தான்.

"இல்லை," என்றான். அவன் குரல் இவ்வளவு பெரிசு என்று எனக்குத் தெரியாது. "அது லூக் கனேன் கட்டின மெட்டு. உங்கம்மா இல்லை, ஜார்லத். முதல் பாதி லூக்கோடது. பின்பாதி சின்னப் பிள்ளைங்க ஊதறது. ரெண்டையும் ஒட்டினது நான். வேனை இழுத்ததும் நான்தான். யார்கிட்ட கேட்டதுன்னு நீங்க கேட்டீங்க, மிஸ்டர் ட்வோமி. நான் பொய் சொல்லிட்டேன்."

ஃபினெர்ட்டி மைக்கை ட்வோமியின் கையில் கொடுத்துவிட்டுத் தன் புது கோட்டைத் தடவிக்கொண்டார். ட்வோமி கண்ணைச் சுருக்கிக் கடைசி வரிசையைப் பார்த்தார்.

"தேநீரில சர்க்கரை கேட்டது நீங்கதான்," என்றார் மெதுவாக. "நாலு கரண்டி."

யாரோ சிரித்தார்கள். கோல்மன் சிரிக்கவில்லை. மனைவியைத் திரும்பிப் பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை.

"அப்ப நிஜமான பின்பாதி எப்படிப் போகும்?" என்று ட்வோமி கேட்டார். பிடிலைத் தோளில் வைத்துத் தயாராகவே கேட்டார்.

"எனக்குத் தெரியாது. அன்னைக்கு மறந்துபோனதுக்கு அப்புறம் அவர் எனக்கு அதை வாசிச்சுக் காட்டினதே இல்லை. இவளுக்குத் தெரியும்."

முந்நூறு தலைகளும் அட்ராக்டா பக்கம் திரும்பின. அவள் எழுந்தாள், கைப்பையைத் தோளில் மாட்டினாள்.

"தண்ணி கொதிச்சுக்கிட்டு இருக்கும்," என்று சொல்லிவிட்டுப் பின்பக்கச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

ட்வோமி மைக்கில், "லூக் கனேன்," என்று தெளிவாக ஒரு முறை சொல்லிவிட்டு அந்த மெட்டைக் கழுதை வாலோடு வாசித்தார். வேறு என்ன செய்வார்? அவருக்குத் தெரிந்தது அதுதான். ஜனங்கள் காலால் தாளம் போட்டார்கள்.

நான் கோல்மனைக் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப்போனேன். தனியாக விட்டால் லாரியை எடுத்துக்கொண்டு கடலுக்குள் போய்விடுவான் போல இருந்தான். அட்ராக்டா முதுகைக் காட்டி நின்று கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அட்ராக்டா," என்றான்.

"எனக்குத் தெரியும்," என்றாள் திரும்பாமல். "கல்யாணமான முதல் வாரமே தெரியும். முகம் மழிக்கும்போது அதைத்தான் முணுமுணுப்பே. வாலோட. இசைத்தட்டுல அவங்க மூணாவது சுத்துல ஒரு இடத்தை மாத்தி வாசிப்பாங்க. நீ மாத்த மாட்டே. உன்கிட்டயிருந்து அவங்களுக்குப் போனதுதான்னு அதுலயே தெரிஞ்சுபோச்சு."

"அப்ப ஃபினெர்ட்டியைப் பார்த்தா ஏன் தெருவைத் தாண்டிப் போறே?" என்று நான் குறுக்கே கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அவரை எனக்கு எப்பவுமே பிடிக்காது. அது வேற."

கோல்மன் அவள் பக்கமாக ஓர் அடி வைத்தான். வெளியே ட்வோமி இரண்டாம் சுற்றில் இருந்தார்.

"உங்கப்பாவுக்கு?"

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். இப்போது திரும்பினாள். கண் சிவந்திருந்தது.

"நீ வந்து உட்கார்ந்ததும் எதுக்கு முதல் பாதியை வாசிச்சு நிறுத்துவாருன்னு நினைச்சே? வில்லை மேல தூக்கி வெச்சுக்கிட்டு உன்னையே பார்ப்பாரே. மீதி எப்படிப் போகும்னு நீ கேப்பேன்னு பார்த்தார், கோல்மன். அவ்வளவுதான். கேட்டா சொல்லிக்குடுத்திருப்பார். பதினோரு வருஷம் பார்த்தார்."

கோல்மன் தொப்பியைக் கழற்றினான். அதைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டே நின்றான். அழுதானா என்று நான் பார்க்கவில்லை; பார்க்கக் கூடாது என்று கெட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மீதி எப்படிப் போகும், அட்ராக்டா?" என்று கேட்டான்.

"அவர்கிட்ட கேட்டிருக்கணும்," என்றாள். தட்டைத் தூக்கி அவன் கையில் கொடுத்தாள். "முட்டை சான்ட்விச் அந்த ஓரத்துல வை. கதவை முழங்கையால தள்ளு, கொட்டிடாதே."

அதற்குப் பிறகு ஒரு மாதம் ஆயிற்று. கூரைக்கு ஆள் வந்து அளவெடுத்துப் போயிருக்கிறார். ஃபினெர்ட்டி கடைச் சுவரில், இசைத்தட்டு அட்டை மாட்டியிருந்த இடத்தில் ஒரு வெளுத்த சதுரம் தெரிகிறது. கோல்மனும் அட்ராக்டாவும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை ஒன்றாகத்தான் கோயிலுக்கு வருகிறார்கள். கேசட்டுகள் லாரியிலிருந்து வீட்டு அலமாரிக்குப் போய்விட்டன, அவளே எடுத்து வைத்தாளாம். பின்பாதியை மட்டும் இன்னும் சொல்லித்தரவில்லை. தருவாளா என்று நான் கேட்டதற்கு, "அவன் இன்னும் ஒரு தடவைதானே கேட்டிருக்கான்," என்றாள்.

காலையில் ஏழேகால் மணிக்குப் பால் லாரி என் வீட்டைத் தாண்டிப் போகும். கண்ணாடியை இறக்கிவிட்டு முணுமுணுத்துக்கொண்டே போவான், முப்பது வருடப் பழக்கம். இப்போதெல்லாம் முதல் பாதியோடு நிறுத்திவிடுகிறான்.